அமெரிக்காவுக்கு நேர்ந்துகொண்ட மொட்டை

என் வீட்டுக்காரருக்கு அமெரிக்காவில் ஓட்டு கிடையாது. ரங்கூனில், அலோன் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு இரண்டாம் மாடியில் குடியிருக்கும் தமிழருக்கு அங்கே ஓட்டு இருக்க வேண்டிய நியாயமும் இல்லை. ஆனால் போன தேர்தலின்போது அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், வாக்குப்பெட்டி எங்கள் சமையலறையில்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

காலையில் மின்சாரம் வந்ததும் எல்லோரும் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுவார்கள். இவர் போனைச் சார்ஜ் போட ஓடுவார். மின்சாரம் போய், தெருப்பிள்ளைகள் "மீ பியெட்!" என்று கத்தும்போது போன் நிறைந்திருக்கும். வீட்டில் தண்ணீர் இருக்காது. போனை எடுத்துக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போய் உட்காருவார். அமெரிக்காவில் கோட்டு போட்ட யாரோ ஒருவர் மேசையைத் தட்டிப் பேசுவதை, பர்மிய எழுத்து அடியில் ஓட ஓட, கடை முழுக்கக் கேட்கும்படி வைப்பார். அங்கே பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுத் தெருவில் நிற்கிறார்கள், சிலையை உடைக்கிறார்கள், போலீசுக்கு மரியாதை இல்லை, எல்லைக்குக் கதவு இல்லை. இதுதான் அவருடைய கவலை. எங்கள் வாசல் கதவின் தாழ்ப்பாள் ஒரு வருடமாகக் கழன்று தொங்கியது. அந்தக் கதவைப் பற்றி நான் பேச்செடுத்தால், "பாக்கலாம் பாக்கலாம்" என்பார்.

டீக்கடையில் அவருக்கு எதிர்க்கட்சி ஒன்று இருந்தது. லத்தா பேட்டையில் குடைக்கடை வைத்திருக்கும் பாய். அவர்கள் குடும்பம் தமிழ்நாட்டுக் கடலோரத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக ரங்கூனில் வியாபாரம் செய்கிறது. இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள். என் வீட்டுக்காரர் ஒரு கட்சியைப் பிடித்துக்கொண்டதால் பாய் மற்றதைப் பிடித்துக்கொண்டார். கொள்கை என்று எதுவும் இல்லை, எதிரே உட்கார ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு விஷயம் உண்டு. எங்கள் ஊர் டீக்கடையில் சத்தமாகப் பேசத் தோதானது அடுத்தவன் நாட்டு அரசியல்தான். நம்முடையதைப் பேச வேண்டுமென்றால் முதலில் வாசலைப் பார்க்க வேண்டும், பிறகு பக்கத்து மேசையைப் பார்க்க வேண்டும், அதற்குள் டீ ஆறிப்போகும். அமெரிக்க ஜனாதிபதியை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம். யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். இரண்டு கிழவர்களும் வாயில் வைத்திருந்ததையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

அவருக்கு ஏன் அந்தப் பக்கம் பிடித்தது என்றும் எனக்குத் தெரியும். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை எதிர்த்து ஊரே பொழுது சாய்ந்ததும் பாத்திரம் தட்டிய வருடம் எங்கள் ஒரே மகள் என் இட்லிப்பானையை எடுத்துக்கொண்டு போய் பால்கனியில் தட்டினாள். இன்றைக்கும் அந்தப் பானையில் ஒரு நசுங்கல் இருக்கிறது, அந்த மூலையில் வைக்கிற இட்லி ஒரு பக்கம் சாய்ந்துதான் வேகும். பானையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, பிறகு தெருவுக்கும் இறங்கினாள். அவளோடு இறங்கிய பிள்ளைகளில் சிலர் வீடு திரும்பவில்லை. அவள் திரும்பி வரும்வரை இவர் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்.  படிக்க என்று சொல்லி அவளை அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்த பிறகுதான் மூச்சு விட்டார். அதிலிருந்து எந்த நாட்டுப் படத்தில் தெருவில் கூட்டம் தெரிந்தாலும் அவருக்கு ஆகாது. கூட்டத்தை யார் அதட்டினாலும் அவர் நல்லவர். நான் இதையெல்லாம் அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

இன்னொன்று அவருடைய தொழில். முப்பது வருடத்துக்கு மேல் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்த்தவர். கப்பலில் வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது. பேப்பர் சரியாக இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்பது அவருக்கு வேதம். பேப்பர் இல்லாமல் எல்லை தாண்டுகிறவனைக் கண்டால் சொந்தக் கொல்லையில் ஆடு புகுந்த மாதிரி கொதிப்பார்.

தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை தன்லியினில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போனோம். ஆற்றுப் பாலம் தாண்டி, பஸ்ஸில், ஃபேக்டரிக்குப் போகிற பெண்களின் சாப்பாட்டுக் கூடைகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு. நான் போனது மகளுக்காக. கல்யாணமாகி இரண்டு வருடம், இன்னும் குழந்தை இல்லை. மாப்பிள்ளையும் ரங்கூன் பையன்தான், அங்கேயே ஒன்றாகப் படித்தவர். நான் அர்ச்சனைத் தட்டை நீட்டி அவர்கள் பெயர், நட்சத்திரம் சொன்னேன். குருக்கள் திரும்புவதற்குள் இவர் இன்னொரு தட்டை நீட்டினார்.

"யார் பேருக்குங்க?"

பெயரைச் சொன்னார். குருக்கள் ஒரு நொடி தட்டைப் பார்த்தார்.

"நட்சத்திரம்?"

அதையும் போனில் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார் இந்த மனிதர். என் நட்சத்திரம் கேட்டால் இன்றைக்கும் யோசிப்பார்.

"கோத்திரம்?"

இதற்குப் போனில் பதில் இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

"தெரியலைன்னா சிவகோத்திரம்னு சொல்லிக்கலாம்," என்றார் குருக்கள். அமெரிக்காவின் ஜனாதிபதி வேட்பாளர் சிவகோத்திரத்தில் சேர்ந்தது இப்படித்தான். மந்திரத்தின் நடுவே அந்தப் பெயர் வந்தபோது பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதோடு விட்டாரா? கற்பூரம் காட்டும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி, "தாயே, நம்மாளு ஜெயிச்சிட்டா உனக்கு முடி எடுத்துடுறேன்" என்று கேட்கிற மாதிரியே சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் அழகை எதில் வைத்திருக்கிறார் என்று அலோன் முழுக்கத் தெரியும். இந்த வயதிலும் அடர்ந்த முடி. லத்தாவிலிருந்து சாயம் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் என் பழைய பல்துலக்கியால் தடவிக்கொண்டு, ஈரத் துண்டோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அம்மன் இரண்டு தட்டையும் கவனித்திருக்கிறாள். அவர் ஆள் ஜெயித்தார். தை மாதத்தில் மகள் போன் பண்ணி, பேச முடியாமல் அழுது, பிறகு சிரித்து, உண்டாகியிருக்கிறேன் என்றாள். நான் அந்த வாரமே போய் மாவிளக்குப் போட்டு என் வேண்டுதலை முடித்தேன். இவர் வரவில்லை. பனி என்றார். பனி போனதும் வெயில், மொட்டைத் தலையில் இறங்கும் என்றார். மழை வந்தால் சளி பிடிக்கும் என்றார். ரங்கூனில் இந்த மூன்றையும் விட்டால் வேறு பருவம் கிடையாது.

எனக்கு அப்போது அதைப் பற்றிக் கவலை இல்லை. நான் அமெரிக்கா போவதாக இருந்தேன். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வர வேண்டும், அவள் வந்தால் திரும்பிப் போவது சந்தேகம், அதனால் தாய்வீடு பெண்ணிடம் போவது என்று முடிவாயிற்று. என் பேப்பர்களை அவரே செய்தார். அவர் வாழ்க்கையில் கிளியர் பண்ணிய கடைசிச் சரக்கு நான்தான் என்று வைத்துக்கொள்ளலாம். போட்டோவில் என் காது தெரியவில்லை என்று மறுபடி எடுக்க வைத்தார். ஆடி மாதத்துக்கு விசா இண்டர்வியூ தேதி கிடைத்தது. நான் சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் வறுத்து இடித்து லேகியம் கிண்டி, காற்றுப் புகாமல் கட்டி, பழைய வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் குழந்தைத் துணியாகக் கிழித்து, பையில் அடுக்கிவிட்டேன். அந்தப் பையைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

வைகாசியில் ஒரு நாள் காலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் போனோடு சமையலறைக்கு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, நம்மாளு கதவச் சாத்திட்டாரு. இன்னின்ன நாட்டுக்காரன் உள்ள வரக்கூடாதுன்னு ஆர்டர். இதான் ஆம்பள."

"எந்தெந்த நாடாம்?"

அகர வரிசையில் போட்டிருந்தார்கள். முதல் பெயரைப் படித்தார். "சரிதான்" என்றார். இரண்டாவது பெயரை அவர் படிக்கவில்லை. போனைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நான் எழுந்துபோய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் என் நாட்டின் பெயர் தெரியும்.

"இது பேப்பர் இல்லாதவங்களுக்கு," என்றார். "நமக்கு எல்லாம் கரெக்டா இருக்கு."

தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விசா ஏஜெண்டைப் பார்க்கப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். ஃபைலை அலமாரியில் வைத்தார். சட்டையைக் கழற்றி மடித்தார். "பேப்பரயே பாக்க மாட்டாங்களாம்" என்றார். கிளியரிங் வேலை பார்த்தவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. தப்பு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் திருத்தியிருப்பார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே முழுதாக எழுத முடியாது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் எனக்கு வாய் நிற்காது. "போங்க, போய் உங்காளுக்கு இன்னொரு அர்ச்சனை பண்ணிட்டு வாங்க, சிவகோத்திரம்" என்றேன்.  அன்று முதல் நம்மாளு என்ற சொல் எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

மகளிடம் சொன்னபோது அவள், "யாபாதேம்மா, யாபாதே" என்றாள். பரவாயில்லை என்பதற்கு அவளுக்குப் பர்மிய வார்த்தைதான் முதலில் வரும். "இங்க ஆஸ்பத்திரில எல்லாம் பாத்துக்குவாங்க. நீ அழாத." ஆறு மாத வயிற்றோடு அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

டீக்கடையில் பாய் என்ன சொன்னார் என்று பாயின் மனைவியிடம் கேட்டேன். ஒன்றுமே சொல்லவில்லையாம். இத்தனை வருடம் காத்திருந்த வாய்ப்பு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் டீயை இவர் பக்கம் நகர்த்திவிட்டு, இந்த வருடம் மழை ஜாஸ்தி, குடை நன்றாகப் போகிறது என்றாராம். பாய்க்கு நான் அதற்காக ஒரு பாத்திரம் பால்கொழுக்கட்டை கொடுத்தனுப்பினேன்.

பிரசவ நாள் நெருங்க நெருங்க எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அம்மனுக்குச் சொன்ன முடி இன்னும் அவர் தலையில்தான் இருந்தது, சாயத்தோடு. சொன்னதைச் செய்யாமல் வைத்திருந்தால் அது பிள்ளை தலையில்தான் விடியும் என்று கேட்டு வளர்ந்தவள் நான்.

"ஏங்க, அந்த மொட்டைய எடுத்துடுங்க."

"எதுக்கு? அந்தாளு ஜெயிச்சதுக்கா?" பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்தது. "ஒன்ன உள்ள விடமாட்டேன்னவனுக்கு நான் முடி குடுக்கணுமா?"

"நேந்துகிட்டது அம்மன்கிட்ட. அவருகிட்ட இல்ல."

"சரக்கு ஒடஞ்சு வந்தா யாரும் பில்லு கட்டமாட்டான். க்ளெயிம்தான் போடுவான்."

அம்மனிடம் க்ளெயிம் போட அவரே தன்லியினுக்குக் கிளம்பினார். நானும் விடாமல் கூடப் போனேன். குருக்களைத் தனியே கூப்பிட்டு, சுற்றிவளைத்து, சட்டம் பேசினார். வேண்டிக்கொண்டவருக்கே அதனால் நஷ்டம் வந்தால் வேண்டுதல் செல்லுமா, வேறு எதற்காவது மாற்றிக்கொள்ளலாமா, பாலாபிஷேகம் மாதிரி?

குருக்கள் பொறுமையாகக் கேட்டார். "நீங்க என்ன கேட்டீங்க? அவரு ஜெயிக்கணும்னு. ஜெயிச்சாரா இல்லியா?"

"ஜெயிச்சாரு."

"அம்மா மேல என்ன தப்பு? நீங்க கேட்டதத்தானே குடுத்தா."

 அவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தார். முடி விழ விழ அடியில் வெள்ளை, மேலே கறுப்பு. தலையில் சந்தனம் பூசிக்கொண்டு எழுந்தபோது யாரோ வேற்று மனிதர் மாதிரி இருந்தார், காது மட்டும் பெரிதாக. எனக்குச் சிரிப்பு வந்தது. 

திரும்பும்போது பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். இவர் எப்போதும் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முதல் ஆளாக நீட்டுவார். அன்றும் நீட்டினார். சோதனை செய்தவர் அட்டையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். அட்டையில் வகிடெடுத்த கறுத்த முடிக்காரர். எதிரே சந்தனம் காய்ந்த மொட்டை. ஓரமாக நிற்கச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள். பேப்பர் சரியாக இருந்தும் அவர் ஓரமாக நின்றது என் கண்ணுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"ஏன் தலையை மழித்தாய்?" என்று பர்மிய மொழியில் கேட்டார் சோதனை செய்தவர்.

 அமெரிக்கா, தேர்தல், ஜனாதிபதி என்று பாலத்தின் மேல் நின்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்தேன். இவர் தலையைத் தடவிக்கொண்டார்.

"மகளுக்குப் பிரசவம்," என்றார். "தூரத்தில் இருக்கிறாள். எங்களால் போக முடியாது. அதனால்."

அவர் பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் குரலைக் கேட்டதும் அப்படி நினைக்க முடியவில்லை. அட்டை திரும்பக் கைக்கு வந்தது. பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் டீக்கடையில் பர்மியச் சிநேகிதர்கள் எல்லாம் அவர் பௌத்த மடத்தில் போய்ச் சில நாள் துறவு இருந்துவிட்டு வந்ததாக நினைத்து, "சாது, சாது" என்று கையெடுத்தார்கள். எந்த மடம், சயா, எத்தனை நாள் என்று மரியாதையாக விசாரித்தார்கள். அவர் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. பாய் மட்டும் கடைக்குப் போய்த் தலைக்கு ஒரு தொப்பி எடுத்து வந்து கொடுத்தாராம், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போடுவது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து, ஒரே வாரத்தில் மூன்று மதத்தையும் முடித்துவிட்டீர்களே என்றேன்.

புரட்டாசியில் பேத்தி பிறந்தாள். அங்கே ராத்திரி, இங்கே பட்டப்பகல். சுகப்பிரசவம். மாப்பிள்ளை போனில் முகம் காட்டினார். நான் பால் குடிக்கிறாளா என்று கேட்டேன். இவர், "பர்த் சர்டிபிகேட்டுக்கு எழுதிக் குடுத்தாச்சா? எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க மாப்ள" என்றார். அங்கே பிறந்துவிட்டால் அந்த நாட்டுப் பிள்ளையாகிவிடுமா என்று டீக்கடையில் ஒரு காலத்தில் மேசையைத் தட்டியவர்.

தொப்புள்கொடி விழுந்த பிறகு ஒரு நாள் மகள் கூப்பிட்டாள். முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, குளிப்பாட்டத் தெரியலம்மா. குளிப்பாட்டுற டப்புல வச்சா வழுக்குது. கத்துறா. எனக்குப் பயமா இருக்கு." அப்புறம் அந்தப் பர்மிய வார்த்தை வருமென்று பார்த்தேன். வரவில்லை. "நீ ஏம்மா இங்க இல்ல?" என்றாள்.

நான் அழவில்லை. அழுதால் அவள் இன்னும் பயப்படுவாள். கட்டிலில் கிடந்த சின்னத் தலையணையை எடுத்துப் பழைய துண்டைச் சுற்றினேன். குளியலறைத் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் காலை நீட்டினேன். "ஏங்க, போனப் புடிங்க" என்றேன். மொட்டைத் தலையோடு எதிரே குந்திக்கொண்டு பிடித்தார்.

"இங்க பாரு. கால நீட்டி ஒக்காரு. ரெண்டு காலையும் சேத்து வை. புள்ளையக் குப்புறப் போடு, தல பாதத்துக்கிட்ட, மூஞ்சி ஒரு பக்கம் திரும்பியிருக்கணும். வழுக்காது. நீயும் இப்படித்தான் வளந்த."

அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்தாள். பிள்ளை அவள் காலில், தலையணை என் காலில். நான் வெறும் சொம்பைச் சாய்த்துக் காட்டினேன்.

"வெறும் சொம்பக் காட்டுனா அவளுக்கு எப்படித் தெரியும்," என்றார் இவர். போனை வாளி மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போய், அடுப்பில் இருந்த வெந்நீரை எடுத்து வந்து விளாவினார். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தார், மறுபடி முழங்கையை விட்டார். "இந்தச் சூடுதான் இருக்கணும்மா" என்று போனைப் பார்த்துச் சொன்னார்.

நான் ஊற்றினேன். முதுகில் உள்ளங்கையால் தேய்த்துக் காட்டினேன், தொடை மடிப்பு, கழுத்து மடிப்பு. அங்கே அழுகை நின்றுவிட்டது. பேத்தி வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு அம்மா காலில் கிடந்தாள். மகள் சிரிக்க ஆரம்பித்தபோது மின்சாரம் போய், தெருவில் "மீ பியெட்!" என்று கத்தினார்கள், திரையில் முகம் உறைந்து, பிறகு ஒன்றுமில்லை.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தலையணைப் பஞ்சு தண்ணீரை இழுத்துக் கால்மேல் கனத்தது. பிள்ளைக் கனம் இருந்தது. இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் கொடியிலிருந்து உலர்ந்த துண்டை உருவி என்னிடம் நீட்டினார்.

"சீக்கிரம் தொவட்டு," என்றார். "சளி புடிச்சுக்கப் போவுது."